ஆர்டர் இல்லாத வேலையும் மகப்பேறு சம்பளமும்

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவின் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கே யாருக்கும் அப்பாயின்மென்ட் ஆர்டர் கிடையாது. தெரிந்தவர் சொல்லிச் சேர்ப்பார்கள். மாதம் பிறந்தால் வவுச்சரில் கையெழுத்து, கையில் சம்பளம். நான் உண்டாகியிருப்பதைச் சொன்னதும் மேனேஜர், “தாராளமா லீவு எடுத்துக்கோம்மா. ஆனா நீ ரோல்ல இல்லையே, சம்பளம் எப்படிப் போடுறது?” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். என்னோடு நின்ற பெண்களும் அப்படியே நம்பினார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. எனக்கு முன்னால் ஏழாம் மாதத்தில் நின்றவர்கள் அப்படியே நின்றுபோனார்கள்.

சட்டம் ஆர்டரைக் கேட்கவே இல்லை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த முதலாளியிடம் 80 நாள் வேலை பார்த்தாயா என்றுதான் கேட்டது. கடையில் பத்துப் பேராவது இருக்க வேண்டும், அவ்வளவுதான். டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில், அதாவது தினக்கூலிப் பதிவேட்டில், கூலி வாங்கிய பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 80 நாள், சம்பளத்தோடு அதே 26 வார விடுப்புதான். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வழியாக வரும். என் சம்பளம் அதைத் தாண்டியிருந்ததால் கடைதான் தர வேண்டியிருந்தது.

சரி, அந்த 80 நாளை எதை வைத்துக் காட்டுவது? வருகைப் பதிவேடு அவர்கள் கையில். என்னிடம் இருந்தவை எல்லாம் துண்டு துக்கடாக்கள். யாருக்கு எந்த மாடி என்று தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்தி. அடையாள அட்டை. எங்கள் கடையில் ஒவ்வொரு பில்லின் அடியிலும் விற்றவரின் ஸ்டாஃப் நம்பர் அச்சாகும். சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் என்னிடம் எடுத்த சேலைகளுக்கான பில்களைத் தேடிக் கொடுத்தார்கள். தேதியோடு, மணியோடு என் நம்பர் இருந்தது. அதை யாரும் மறுக்க முடியவில்லை.

எந்தத் தேதியிலிருந்து வரமாட்டேன், பணத்தை யாரிடம் தர வேண்டும், அந்தக் காலத்தில் வேறெங்கும் வேலை பார்க்க மாட்டேன் என்று எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அப்புறம்தான் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பில்களைப் பார்த்ததும் “இவர் எங்கள் ஊழியரே அல்ல” என்ற பேச்சு நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துத்தான் தருவோம் என்று அடுத்ததைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கும் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு எஸ்டேட் பெண் தொழிலாளியின் வழக்கில், ஞாயிறும் கணக்கில் சேரும் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. எஸ்டேட்டில் வேலை பார்த்த யாரோ ஒரு பெண் பிடிவாதமாக நின்றதால் எனக்கு 182 நாளும் முழுசாகக் கிடைத்தது. அவரை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

பணம் தவணை தவணையாகத்தான் வந்தது. பிரசவத்துக்கு முந்தைய பகுதியை முன்கூட்டியும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்திலும் தர வேண்டும் என்கிறது சட்டம். எனக்குக் கடைசித் தவணை வந்தபோது பையன் குப்புற விழ ஆரம்பித்திருந்தான்.

இப்போது தெரிந்த பெண்கள் கேட்டால், வேலைக்குச் சேர்ந்த மாதமே பில்லையும் செய்தியையும் எடுத்து வைக்கச் சொல்கிறேன். போன வாரம் கேட்டவர் ஒரு தையல் கடையில் இருக்கிறார். மொத்தமே ஆறு பேர். ஐந்து வருடமாக அங்கேதான் தைக்கிறார், ஆனாலும் அந்த முதலாளியிடம் கேட்க இந்தச் சட்டத்தில் அவருக்கு வழியில்லை. முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்குச் சுகாதார நிலையத்தில் பதியச் சொன்னேன். அது அரசு தரும் உதவி. அவர் கேட்டது தன் சம்பளத்தை.