டெல்லிக்குப் போகிறவர்களுக்கு இந்தி: பாடக் குறிப்புகள்

6 ஜனவரி 2025, திங்கள்

டெல்லிக்கு வேலைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஐம்பது வாக்கியம் கொண்ட ஒரு பட்டியல். கொடுக்கலாம். ஆனால் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தால் அது பாதி வழியிலேயே கெட்டுவிடும். 'காலி' என்று எழுதியதை மூன்று விதமாக வாசிக்கலாம், மூன்றுக்கும் இந்தியில் வேறு வேறு பொருள்.

சுலோகப் புத்தகங்களில் க, க², க³, க⁴ என்று எண் போட்டு அச்சிடுவார்கள். இங்கேயும் அதே வழிதான். எண் இல்லாதது நம் 'கல்'லின் க. ²க்கு அதே ஒலியோடு மூச்சும் வர வேண்டும். ³ என்றால் 'தங்கம்' என்பதில் வரும் க. ⁴க்கு அந்த ஒலியோடு மூச்சு. காலீ என்றால் கறுப்பு. கா²லீ என்றால் காலி, நம் 'காலி'யே அங்கிருந்து வந்ததுதான். கா³லீ என்றால் வசை. ரயிலில் "யே ஸீட் கா²லீ ஹை க்யா?" என்று கேட்கும்போது மூச்சு விடாவிட்டால், சீட் கறுப்பா என்று கேட்டதாகிவிடும்.

உள்ளங்கையை உதட்டுக்கு நான்கு விரல் தள்ளிப் பிடித்து காலீ, கா²லீ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவதற்குக் கையில் காற்று பட வேண்டும். பட்டால் போதும், தொண்டையைச் செரும வேண்டியதில்லை. இந்தக் குறிப்புகளில் பிழை வரும் இடங்களில் மட்டும் எண் போடுகிறேன்.

சொல்லின் நடுவில் இன்னொரு பள்ளம். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு "முஜே பதா நஹீன்". 'பதா' என்று பார்த்ததும் தமிழ் நாக்கு த-வை 'பதம்' போல மென்மையாக்குகிறது. அதைத் தடுக்க 'பத்தா' என்று எழுதினால் அழுத்தி இரட்டிக்கிறது, அப்போது அது மரத்து இலை. ஒரு வழி இருக்கிறது. ப, தா என்று இரண்டு தனிச் சொற்களாக உடையுங்கள். சொல்லின் முதலில் வரும் 'தா'வைத் தமிழர் யாரும் மென்மையாக்குவதில்லை. பத்து முறை உடைத்துச் சொல்லி, பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சரியான பதா அமைந்துவிடும். இதே முறை ஆதா ஹூன் (வருகிறேன்), ஜாதா ஹூன் (போகிறேன்) எல்லாவற்றுக்கும் பொருந்தும். இங்கே ன் முழு ன் அல்ல, உயிரை மூக்கு வழியே விட்டு முடிப்பது.

8 ஜனவரி, புதன்

ஆங்கிலம் வழியாக இந்தி படிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. வாக்கிய அமைப்பில் இந்தி தமிழுக்கு எவ்வளவு பக்கம் என்பதைப் பாருங்கள்.

முஜே சாய் சாஹியே: எனக்கு டீ வேணும். முஜே பூ⁴க் லகீ³ ஹை: எனக்குப் பசிக்குது. முஜே ஹிந்தீ³ நஹீன் ஆதீ: எனக்கு இந்தி வராது. 'வரும்' என்கிற அதே வினை! மேரே பாஸ் பைஸே நஹீன் ஹைன்: என்கிட்ட காசு இல்லை. சொல்லுக்குச் சொல் தமிழ்தான். ஆங்கிலத்தின் வழியே வருகிறவர்தான் கடையில் போய் "மைன் சாஹதா ஹூன்" என்று தொடங்குவார். இலக்கணம் தப்பில்லை, ஆனால் டீக்கடையில் அது 'நான் விரும்புகிறேன்' என்பது போல ஒலிக்கும்.

இன்னும் இருக்கிறது. கா²கே ஜாயியே, சாப்பிட்டுட்டுப் போங்க. போ³ல் தோ³, சொல்லிடு. தே³க் லோ, பார்த்துக்கோ. மேன் நம் 'இல்', தக் நம் 'வரை', இரண்டும் பெயருக்குப் பின்னால்தான் வரும். டீ கீ என்பது அங்கே சாய்-வாய். சுடச்சுட என்பது க³ரம் க³ரம். தமிழில் யோசித்து அதே வரிசையில் சொல்லை மாற்றிப் போட்டால் பத்தில் ஏழு வாக்கியம் நிற்கும்.

நிற்காத மூன்றுக்குப் பெரும்பாலும் காரணம் பால் வேறுபாடு. 'நான் போறேன்' என்பதை ஆண் ஜாதா ஹூன் என்றும், பெண் ஜாதீ ஹூன் என்றும் சொல்ல வேண்டும். பொருள்களுக்கும் பால் உண்டு. சாய், ரோட்டீ, ஸப்³ஜீ (காய்கறி) பெண்பால். பானீ (தண்ணீர்), நமக் (உப்பு), தூ³த் (குடிக்கும் பால்) ஆண்பால். 'ஈ'யில் முடிந்தால் பெண்பால் என்ற சூத்திரம் பானீயிலும் கீ⁴யிலும் (நெய்) உடைகிறது. முதல் இரண்டு வாரத்துக்கு என் யோசனை, 'முஜே'யைப் பிடித்துக்கொள்ளுங்கள். "முஜே ஜானா ஹை" (நான் போகணும்) என்பதை ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

9 ஜனவரி, வியாழன்

கல் என்றால் நேற்று. கல் என்றால் நாளை. பர்ஸோன் என்றால் முந்தாநாள், நாளை மறுநாளும் அதுவே. பொருளை வினைதான் சொல்லும்: கல் ஆயா தா² என்றால் நேற்று வந்தான், கல் ஆயேகா³ என்றால் நாளை வருவான். அதனால் வாக்கியம் முடியும்வரை காதைத் தீட்டிக் கேளுங்கள். பிளம்பரிடம் பேசும்போது கிழமையையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

11 ஜனவரி, சனி

காய்கறிச் சந்தை. கேள்வியைவிடப் பதில்தான் கடினம்.

"கைஸே கிலோ?" (கிலோ என்ன விலை?) என்று கேட்டால் போதும், எந்தக் காய்க்கும் செல்லும். "பி⁴ண்டீ³ கைஸே தீ³?", "மடர் கைஸே தி³யா?" என்றும் கேட்பார்கள். அதில் வெண்டைக்காய் பெண்பால், பட்டாணி ஆண்பால் என்று வினை மாறுவதால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"பீஸ் ருபயே பாவ்" என்று பதில் வரும். பீஸ் 20. பாவ் என்பது கால் கிலோ, 250 கிராம். ஆக, கிலோ 80 ரூபாய். கிலோவே 20 என்று நினைத்து இரண்டு கிலோ கேட்டுவிட்டு, பணம் கொடுக்கும்போது தடுமாறுவது புதிதாக வந்தவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. பதிலில் 'பாவ்' விழுந்ததா என்பதை முதலில் கவனியுங்கள், எண்ணை அப்புறம்.

பின்னங்களைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். ஆதா⁴ அரை. ஸவா ஒன்றே கால், டே³ட் ஒன்றரை, டா⁴யீ இரண்டரை. மூன்றரையிலிருந்து ஸாடே³: ஸாடே³ தீன், ஸாடே³ சார். ஸாடே³ ஏக் என்று யாரும் சொல்வதில்லை. பௌனே மட்டும் தமிழுக்கு நேர் எதிர். நாம் பத்தோடு முக்காலைக் கூட்டிப் பத்தே முக்கால் என்போம். பௌனே த³ஸ் என்பது பத்துக்குக் கால் குறைவு, அதாவது 9.45. இதைக் குழப்பிக்கொண்டால் ரயில் போயே போய்விடும். நூறுக்கும் ஆயிரத்துக்கும் இதே கணக்குதான்: டே³ட் ஸௌ 150, டா⁴யீ ஸௌ 250, பௌனே தோ³ ஸௌ 175, டே³ட் ஹஜார் 1500.

காய்களின் பெயரில் இரண்டு. டெல்லியில் ஸீதாப²ல் கேட்டால் பரங்கிக்காயை வெட்டிக் கொடுப்பார்கள். நம் சீத்தாப்பழம் அங்கே ஷரீஃபா. நமக்குத் தனியா என்றால் விதை, சந்தையில் த⁴னியா என்றால் கொத்தமல்லித் தழை. வாங்கி முடித்ததும் "தோ²டா³ த⁴னியா-மிர்ச் டா³ல் தீ³ஜியே" என்று கேட்கலாம். ஒரு பிடி தழையும் நாலு பச்சை மிளகாயும் பையில் விழுவது டெல்லிச் சந்தை வழக்கம். இதைக் கேட்கத் தெரிந்தவரைக் கடைக்காரர் உள்ளூர்க்காரராகவே நடத்துவார்.

சில்லறை சு²ட்டா, விடுமுறை சு²ட்டீ. "ஸ்கேன் கர் தூ³ன்?" என்றால் 'ஸ்கேன் பண்ணிடட்டா?'

12 ஜனவரி, ஞாயிறு

எண்களை ஒன்றிலிருந்து நூறுவரை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். இருபதுக்கு மேல் ஒவ்வொன்றும் தனிச் சொல், பாதியில் சோர்ந்துவிடும். முதலில் பத்துகள், பிறகு ஐந்தில் முடிபவை, பிறகு மீதி. 29 உன்தீஸ், 39 உன்தாலீஸ், 49 உன்சாஸ் எல்லாம் அடுத்த பத்துக்கு ஒன்று குறைவு என்ற கணக்கு. 89 நவாஸீ, 99 நின்யானவே மட்டும் அந்தக் கணக்கை மீறும். காது ஏமாறுவது பசாஸில்: பசாஸ் 50, பச்பன் 55, பசாஸீ 85. கடைசி ஈ காதில் விழாமல் ஐம்பதை நீட்டினால் முப்பத்தைந்து குறையும்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். அங்கே மகர் ஸங்க்ராந்தி, உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் கி²ச்டீ³ சமைக்கும் நாள். யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மரியாதைச் சொற்கள் தேவைப்படும்.

தூ, தும், ஆப் என்று மூன்று படி. தமிழில் நீ, நீங்கள் இரண்டுதான். பெரியவர், அறிமுகமில்லாதவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லோருக்கும் ஆப் சொல்லிவிடுங்கள், தப்பே வராது. தூ-வைப் பயணத்துக்கு வேண்டாம் என்றே சொல்வேன். நெருக்கத்தில் அது செல்லம், வெளியாரிடம் அவமதிப்பு. கட்டளை: ஜா, ஜாவோ, ஜாயியே. நான்கு வினைகள் மட்டும் வேறு மாதிரி, நான்குமே தினமும் தேவை: கீஜியே (செய்யுங்க), தீ³ஜியே (கொடுங்க), லீஜியே (எடுத்துக்கோங்க), பீஜியே (குடிங்க).

டெல்லியில் கடைக்காரரைப் பை⁴யா என்று கூப்பிடலாம், நம் 'அண்ணா' போல. பெண்களைத் தீ³தீ³ அல்லது ஆண்ட்டி. மும்பையில் பை⁴யா என்பதற்கு வடக்கிலிருந்து வந்தவர் என்ற கேலிப் பொருளும் உண்டு. அங்கே பா⁴வூ நல்லது.

க்ருபயா (தயவுசெய்து), த⁴ன்யவாத்³ (நன்றி) இரண்டும் ரயில் நிலைய அறிவிப்பில் ஒலிப்பவை. பேச்சில் மரியாதை 'இயே' ஈற்றிலேயே இருக்கிறது, நன்றிக்குத் தேங்க்யூவோ ஷுக்ரியாவோ போதும்.

16 ஜனவரி, வியாழன்

ஆட்டோ. "கரோல் பா³க்³ சலேங்கே³?" 'கரோல் பாக் வர்றீங்களா?' (அது டெல்லியில் ஒரு பகுதி.) "மீட்டர் ஸே சலியே." "யஹீன் ரோக் தீ³ஜியே", இங்கேயே நிறுத்திடுங்க.

வலது தா³யேன், இடது பா³யேன். இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும், அதனால் டெல்லியிலும் லெஃப்ட், ரைட் என்பவர் நிறைய. ஆனால் ஒன்று: ஸீதே⁴ என்றால் நேராக, ஸீதே⁴ ஹாத் என்றால் வலது கைப்பக்கம், உல்டே ஹாத் இடது பக்கம். வழி சொல்பவர் "ஸீதே⁴ ஹாத் பே" என்றால் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டு நேராகப் போய்விடக் கூடாது.

18 ஜனவரி, சனி

புரியாதபோது சொல்ல வேண்டியவை பட்டியலின் தலையில் இருக்க வேண்டும், பெரும்பாலும் கடைசியில்தான் போடுகிறார்கள். 'ஸம்ஜா² நஹீன்' ஆண் சொல்வது, பெண்ணுக்கு 'ஸம்ஜீ² நஹீன்'. "ஸமஜ் மேன் நஹீன் ஆயா" என்றால் யாருக்கும் பொருந்தும். அதோடு "தீ⁴ரே போ³லியே", மெதுவாச் சொல்லுங்க. "பி²ர் ஸே போ³லியே", இன்னொரு தடவை சொல்லுங்க. எண்ணில் சந்தேகம் என்றால் கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "பசாஸீ? ஆட் பாஞ்ச்?" எட்டு, ஐந்து என்று விரலையும் காட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து ஹான் (ஆமாம்) என்று பதில் வரும்.