கார்புரேட்டர் ரப்பரில் விழும் விரிசல்

பழைய மோட்டார் சைக்கிள் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) நிலையாக நிற்காமல், ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) இறங்கத் தயங்கினால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன்பு அதற்கும் இன்ஜின் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் இணைப்புக் குழாயான மேனிஃபோல்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். சூட்டிலும் பெட்ரோலிலும் பல ஆண்டுகள் கிடந்து இறுகிய ரப்பரைக் கையால் வளைத்தால், கிளாம்ப் இறுக்கும் இடத்தை ஒட்டி மயிரிழை விரிசல்கள் வாய் திறப்பதைக் காணலாம். அவற்றின் வழியே கூடுதல் காற்று புகுவதால் கலவையில் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மேலோட்டமான விரிசலுக்குப் பெட்ரோலைத் தாங்கும் சீலன்ட் (அடைப்புப் பசை) சில காலம் உதவும். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும் என்பதால் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உள்வரை கிழிந்திருந்தாலோ, உலோகத் தகட்டிலிருந்து ரப்பர் பிரிந்திருந்தாலோ, கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங்கோடு சேர்த்துப் புதிதாக மாற்றுவதே சரி.