அப்பாவின் பட்டாளத்துப் படங்கள்: மூன்றாவது வாரம்

மொத்தம் 43 படங்கள். இதுவரை 31 ஸ்கேன் செய்துவிட்டேன்.

முதல் வாரம் முழுக்க ஆல்பத்திலிருந்து பிரித்தெடுப்பதிலேயே போய்விட்டது. பத்து வருடத்துக்கு முன்னால் பசை தடவிய ஆல்பம் ஒன்றை வாங்கி நான்தான் அதில் ஒட்டிவைத்தேன். பசை பழுப்பேறி இறுகிக் கிடந்தது. நகத்தால் கிளப்பப் போய் ஒரு படத்தின் மூலை கிழிந்தது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அப்புறம் பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற, மெழுகு பூசாத நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, மெல்ல இழுத்து இழுத்து அறுத்தேன். படத்துக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஆனால் அதன்பிறகு ஒன்றுகூடக் கிழியவில்லை.

பெரும்பாலானவை இரண்டேகால் அங்குலச் சதுரம். ரோலுக்கு 12 படம் விழுகிற 120 ஃபிலிமை அப்படியே தாள்மேல் வைத்துப் பிரிண்ட் போட்டவை. ஸ்கேனரில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வைத்தபோது முகம் மட்டும்தான் தெரிந்தது. 1200க்கு ஏற்றியதும் முகத்துக்குப் பின்னால் இருந்ததெல்லாம் தெரிய ஆரம்பித்தது.

1969, நீலகிரி வெலிங்டன், மதராஸ் ரெஜிமென்ட் மையம். அப்பா யூனிஃபார்மில் விறைப்பாக நிற்கும் அந்தப் படத்தை வீட்டில் எல்லோரும் நூறு முறை பார்த்திருப்போம். திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அப்பா தன்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் வெயிலில் வரிசையாகக் கிடந்த இரும்புக் கட்டில்களைத்தான் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை சாமி. மூட்டைப்பூச்சிக்கு வெந்நீர் ஊத்திக் காயப்போட்டிருக்கோம்."

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டி. அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய நம்பர்கூடப் படிக்க முடிந்தது.

"இது உங்க பெட்டிங்களாப்பா?"

"இல்ல, ஓமலூர்க்காரனோடது. லீவு முடிஞ்சு வரும்போது மாம்பழம் கொண்டாருவான். சேலம் ஜங்ஷன்ல ராத்திரி ரயில் ஏறி, மேட்டுப்பாளையத்துல மலை ரயில் மாறி வர்றதுக்குள்ள நல்லாப் பழுத்திருக்கும். பெட்டியத் திறந்தா பேரக்ஸ் பூரா மணக்கும்."

இத்தனை வருடத்தில் இந்த ஓமலூர்க்காரரைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்பதற்கு எங்களுக்கும் ஒரு பெட்டி கண்ணில் பட வேண்டியிருந்தது.

சொல்வதையெல்லாம் படத்தின் பின்புறம் 4பி பென்சிலால் லேசாக எழுதிவருகிறேன். பால்பாயின்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விழும், வேண்டாம்.

மீதி 12. அதில் இரண்டு முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கின்றன. லங்கர் என்கிற பட்டாளத்துச் சமையல்கூடத்தின் வாசலில், தட்டும் மக்குமாக வரிசையில் நிற்கும்போது எடுத்தது என்கிறார். டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். சரி, முதலில் வேண்டாத பழைய படம் ஏதாவது ஒன்றில் செய்து பார்க்கிறேன்.