அடுத்த கவுண்டர்

"500 ரூபாய்க்கு மேல போனா எனக்கு டிக்கெட் குடுக்காத தம்பி." இப்படிக் கேட்டுக்கொண்டது என் கவுண்டருக்கு வரும் ஒரு பெரியவர்தான், நானாகப் போய் எந்தப் பொறுப்பையும் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. கதையைக் கேட்கிறவர்கள் எல்லாம் "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் பெங்களூரு குதிரைப் பந்தய மைதானத்தில் டோட் கவுண்டரில், அதாவது கிளப்பே பந்தய டிக்கெட் விற்கும் இடத்தில், உட்கார்ந்தவர்களில் பலர் என்னைப் போலத்தான். வார நாளில் ஏதோ ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுவோம், ரேஸ் நாளில் டிக்கெட் போடுவோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் முகம்கூடச் சரியாகத் தெரியாது. கைகள்தான் தெரியும். குதிரை எண்ணைக் கன்னடத்தில் சொல்பவர்கள் சண்டை வந்தால் தமிழுக்கோ உருதுவுக்கோ மாறிவிடுவார்கள்.

பெரியவர் ஸ்ரீராமபுரத்துக்காரர், பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருட்டாம்போக்கில் பணம் போடுகிற ஆள் இல்லை. ரேஸ் புக்கின் ஓரம் முழுக்கப் பென்சிலில் குறித்திருப்பார்: போன தடவை எத்தனையாவதாக வந்தது, இந்தத் தடவை எத்தனை கிலோ சுமக்கிறது, ஜாக்கி மாறியிருக்கிறானா. அப்புறம் பேடாக்கில் குதிரையை நடத்திக் காட்டும்போது வேலியோரம் போய் நிற்பார். கழுத்திலும் தொடை இடுக்கிலும் வியர்வை நுரைத்திருந்தால் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு. "நெர்வஸா இருக்கு, ஓடாது" என்பார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

அன்று கடைசி ரேஸ். மணி அடிக்க இன்னும் ஒன்றிரண்டு நிமிடம்தான். அதற்குள் அவருடைய 500 முடிந்திருந்தது. நான்காக மடித்த நோட்டுகளை வலைக்கு அடியில் தள்ளினார்.

"ஏழாம் நம்பர். வின்."

"அண்ணே, ஆயிடுச்சு."

"தெரியும். போடு."

"நீங்கதானே சொன்னீங்க?"

"அப்ப சொன்னேன். இப்ப போடுன்னு சொல்றேன்."

பின்னால் வரிசை கத்துகிறது. "பேக, பேக" (சீக்கிரம், சீக்கிரம்) என்று யாரோ அவர் தோள் மேலாகக் கையை நீட்டுகிறார். நான் நோட்டுகளைத் திருப்பித் தள்ளி, "அடுத்த கவுண்டருக்குப் போங்க" என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. போனாரா, போய் வாங்கினாரா, அதற்குள் மணி அடித்து மெஷின் பூட்டிக்கொண்டதா, தெரியாது. அடுத்த ரேஸ் நாளில் வழக்கம் போல என் கவுண்டருக்கே வந்தார், வழக்கமான டிக்கெட்டை வாங்கினார். 500 பற்றி அப்புறம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஏழாம் நம்பர் ஜெயித்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதாக வந்தது. அதனால் நான் செய்தது சரியென்று ஆகிவிடுமா? ஜெயித்திருந்தால் தப்பென்று ஆகியிருக்குமா?

எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் நியாயங்கள் உண்டு. டோட்டுக்கு யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். வருகிற பணமெல்லாம் ஒரே குவியலில் சேரும். அதில் வரியும் கிளப்பின் கமிஷனும் போக, மீதி ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரியும். புக்கி போல எதிரே நின்று பந்தயம் கட்டுகிற ஆள் இல்லை அது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏறக்குறைய இதைச் சொல்லித்தான், டோட்டில் கமிஷனுக்கு மட்டுமே ஜி.எஸ்.டி. என்று தீர்ப்பளித்தது. குவியலே யார் பக்கமும் சாயாதபோது, அதற்கு டிக்கெட் அடிக்கிறவன் மட்டும் ஏன் சாய வேண்டும்?

இன்னொரு நியாயம் இதற்கு நேர் எதிர். குதிரைப் பந்தயத்தைத் தமிழ்நாடு 1974-ல் சட்டம் போட்டு ஒழிக்கப் பார்த்தது. வழக்கு இருபது வருஷத்துக்கு மேல் இழுத்து, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லிவிட்டது. திறமை என்றால் அந்தப் பெரியவரைத்தான் சொல்ல வேண்டும். வியர்வையைப் பார்த்துக் குதிரையைக் கழிக்கிற மனிதரிடம் "இன்னைக்கு உமக்குப் போதும்" என்று சொல்ல நான் யார்? ஆனால் நான் அதையும் சொல்லவில்லையே. விற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன். இதை நினைத்தால்தான் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

இதெல்லாம் இப்போது கிளறக் காரணம் ஒரு ஆலோசனை நிறுவனம். தெற்கே ஒரு சின்ன ஊரில் மூடிக் கிடக்கும் ரேஸ் கோர்ஸுக்கு உயிர் கொடுக்கத் திட்டம் போடுகிறார்கள், ஊர் பெயர் வேண்டாம். பழைய டோட் ஆட்களிடம் யோசனை கேட்க வேண்டும் என்று மல்லேஸ்வரம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். 2024-ல் வாடகை பாக்கிக்காக ஊட்டி ரேஸ் கோர்ஸின் 52 ஏக்கரைத் தமிழ்நாடு அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, அதே வருஷம் கிண்டி ரேஸ் கோர்ஸுக்கும் சீல் வைத்தது. அதைப் பார்த்த பிறகும் ஒரு கூட்டம் இதில் இறங்குகிறதே என்று ஆச்சரியம். ஒரு பக்கம் சந்தோஷமும்தான்.

அவர்களுக்கு வேண்டியது பொற்காலம். தாராளமாகக் கொடுத்தேன். ஜூலைத் தூறலில் டெர்பி நாள், ரஷீத் பைராம்ஜி தயார் செய்த குதிரை என்றாலே குறையும் ஆட்ஸ் (ஜெயித்தால் கிடைக்கும் மடங்கு), செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமியின் குதிரை ஓடினால் எங்கள் வரிசையில் கூடும் தமிழ்ச் சத்தம். சொல்லச் சொல்ல எனக்கே மறுபடி அங்கே போய் உட்கார வேண்டும் போல இருந்தது. அதில் ஒன்றும் பொய் இல்லை.

கடைசி இரண்டு நிமிட நெரிசலைப் பற்றிக் கேட்டபோது, கவுண்டர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்றேன். பேச்சோடு பேச்சாக, இவ்வளவுக்கு மேல் எனக்கு விற்காதீர்கள் என்று ஆட்களே முன்கூட்டிப் பதிந்துகொள்ள ஒரு வழி வைக்கலாம் என்றும் சொன்னேன். பெரியவர் கதையைச் சொல்லவில்லை.

குறிப்பெடுத்த பெண் கெட்டிக்காரி. "பதிஞ்சவரே பத்து நிமிஷம் கழிச்சு வந்து எடுத்துடுங்கன்னா என்ன சார் பண்றது?"

"அன்னைக்கு எடுக்கக் கூடாதும்மா. மறுநாள்தான்."

"அவர் வெளியில போய்க் கட்டிடுவாரே?"

அதுவும் உண்மைதான். 2017-ல் பந்தயத் தொகை முழுவதுக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்தே ஆட்கள் திருட்டு புக்கிகள் பக்கம் போவதாகக் கிளப்புகள் புலம்புகின்றன. 2025 செப்டம்பரில் அது 40 சதவீதம் ஆகிவிட்டது. டோட்டில் கடன் கிடையாது, கையில் இருக்கிற பணத்தோடு முடிந்தது. வெளியே நிற்பவன் கடனும் கொடுப்பான், வீட்டுக்கு வந்து வசூலும் பண்ணுவான். அப்படிப் பார்த்தால் பெரியவருக்கு நானே அந்த டிக்கெட்டைப் போட்டிருப்பதுதான் பத்திரம். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னால் நான் முதலில் சொன்னது அடிபட்டுப் போகும். "அதையும் யோசிக்கணும்" என்று மட்டும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

போன வாரம் அறிக்கையின் நகல் வந்தது. வரம்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. டோட் பகுதியில் முதல் பரிந்துரை, கடைசி நிமிடத்தில் யாரும் டிக்கெட் கிடைக்காமல் திரும்பாதபடி கூடுதல் கவுண்டர்கள். அதுவும் நான் சொன்னதுதான்.