வாசலில் படுத்திருந்த மான்கள்

காப்பி வாங்கலாம் என்று விடுதிக் கதவைத் திறந்தால், வாசல் புல்தரையில் ஐந்து எல்க் மான்கள் படுத்திருக்கின்றன.

ஒன்று அசைபோட்டபடியே என்னைப் பார்த்தது. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. காதோர ரோமம் பனியில் நனைந்து ஒட்டிக் கிடந்தது.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் மான்களிடமிருந்து 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. இது ஊர்தான், ஆனாலும் பின்வாங்கிச் சுற்றிப் போனேன்.

பூங்காவின் வடக்கு வாசலில் இருக்கும் இந்தக் கார்டினர் அவ்வளவு சின்ன ஊர். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1903-இல் அடிக்கல் நாட்டிய வளைவின் கீழே படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் பூங்காவுக்குள் போய்விடுகிறார்கள். போன தடவை நாங்களும் அப்படித்தான்.

2022 ஜூன் வெள்ளம் இங்கிருந்து பூங்காவுக்குள் போகும் சாலையை அடித்துக்கொண்டு போனது. நல்ல சீசன் நேரம். பழைய குதிரைவண்டிப் பாதையை அகலப்படுத்தி, அக்டோபர் கடைசியில்தான் எல்லா வண்டிகளையும் விட்டார்கள். அந்தக் கோடையை இங்கே கடை வைத்திருப்பவர்கள் எப்படித் தள்ளியிருப்பார்கள்! ஒரே ஒரு சாலையை நம்பி எத்தனை வீட்டு அடுப்பு எரிகிறது.

இன்னும் ஒரு நாள் இங்கேயே தங்கலாமா என்று வீட்டில் கேட்டேன். சரி என்றார்கள்.

திரும்பி வந்தபோதும் மான்கள் எழுந்திருக்கவில்லை.