டிசி இல்லாமலே ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள் என் மகள்

போன வருடம் ஜூன் மாதம் மகளை மெட்ரிக் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை குறைந்து, ஐந்தாம் வகுப்புக் கட்டணத்தில் 14,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. அதைக் கட்டினால்தான் டிசி (மாற்றுச் சான்றிதழ்) என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். டிசி இல்லாவிட்டால் எங்கேயும் சேர்க்க மாட்டார்கள் என்று நம்பி, மூன்று வாரம் கடன் கேட்டு அலைந்தேன். பள்ளி திறந்த பிறகும் பிள்ளை வீட்டிலேயே இருந்தாள்.

அண்ணி வேறு, "எப்படியாவது பத்தாவது வரைக்கும் அங்கேயே ஓட்டுங்க. பதினொன்னாவதுல கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டா, அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு டாக்டர் படிப்புல இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைச்சிரும்" என்றார். அதையும் நம்பினேன்.

கடைசியில் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியையிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். ஆதார், பிறப்புச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டை, மூன்றையும் பார்த்தார். "எட்டாவது வரைக்கும் டிசி வரலைன்னு பிள்ளையைத் திருப்பி அனுப்ப எனக்கு உரிமையே இல்லைங்க. நாளைக்கே அனுப்புங்க" என்றார். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்று எடுத்தும் காட்டினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருக்கலாமே!

7.5 சதவீதத்தையும் அவரே தெளிவுபடுத்தினார். 2020இல் வந்த அந்த மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி கிடைக்கும் கட்டணமில்லா இடத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. நாங்கள் கட்டணம் கட்டிப் படிக்க வைத்தவர்கள். அண்ணி சொன்னபடி பதினொன்று வரை காத்திருந்தால் அந்தக் கதவு அடைபட்டிருக்கும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்துதான் கணக்கு.

சேர்ந்தது சுலபம், மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸ்தான் இழுத்தது. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து அவள் பெயரை எமிஸின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு விட்டால்தான் இங்கே ஏற்ற முடியும். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்து, ரசீது வாங்கி, இரண்டு முறை நேரில் போனேன். ஆகஸ்டில் பெயர் வந்தது, டிசியும் வந்தது. அதுவரை ஒரு நாள்கூட அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தவில்லை. பாக்கியைச் சட்டம் தள்ளுபடி செய்துவிடாது. அதைத் தவணையில் கட்டி முடித்தேன்.

அவள் படிப்பது ஆங்கில வழிப் பிரிவில். அரசுப் பள்ளி என்றால் தமிழ் வழி மட்டும்தான் என்றும் நினைத்திருந்தேன். மெட்ரிக் பாடம் உசத்தி என்ற எண்ணமும் இருந்தது. ஒரு நாள் எதிர்வீட்டுப் பையன் தன் மெட்ரிக் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அட்டை முதல் பயிற்சிக் கணக்கு வரை ஒன்றேதான். 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்த பிறகு பாடத்திட்டம் பொதுவாகிவிட்டது. அவன் வீட்டில் காசு கொடுத்து வாங்கினார்கள், எங்களுக்குப் பள்ளியிலேயே கொடுத்தார்கள்.

குறை இல்லாமல் இல்லை. வகுப்பில் கூட்டம் அதிகம், கழிவறையில் மதியத்துக்குமேல் தண்ணீர் நின்றுவிடுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் என்று தெரிந்ததும், அடுத்த கூட்டத்துக்குப் போய் முதலில் தண்ணீர்ப் பிரச்சினையைத்தான் பேசினேன்.