அருவிக்கென்றால் மேற்கே, பூவுக்கென்றால் கிழக்கே: கொலம்பியா பள்ளத்தாக்கில் வசந்த நடைகள்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாண்டிலிருந்து ஐ-84 நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினால் அரை மணி நேரத்தில் கொலம்பியா ஆற்றின் பள்ளத்தாக்கு தொடங்கிவிடும். நீளம் சுமார் 80 மைல். தென்கரை ஒரிகன், வடகரை வாஷிங்டன் மாநிலம். மேற்குப் பக்கம் பாசியும் பெரணியும் அடர்ந்த ஈரக்காடு, கிழக்குப் பக்கம் மரமே அரிதான புல்மேடு. கடலிலிருந்து வரும் மேகத்தைக் காஸ்கேட் மலைத்தொடர் தடுத்து, பெய்ய வேண்டியதையெல்லாம் மேற்கிலேயே பெய்ய வைத்துவிடுகிறது. காஸ்கேட் லாக்ஸ் ஊரில் ஆண்டு மழை 75 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அங்கிருந்து 40 மைல் கிழக்கே த டால்ஸில் 15 அங்குலம்கூடத் தேறாது. அதனால் அருவிகள் மேற்கே, பூமேடுகள் கிழக்கே. குழுவாகப் போகிறவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது உயரம். “பூ எப்போது பூக்கும்?” என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதியைச் சொல்ல முடியாது. பிப்ரவரிக் கடைசியில் ஆற்றை ஒட்டிய தாழ்வான, வெயில் படும் சரிவில் தொடங்கி, மே மாதக் கடைசிக்குள் பூக்காலம் மலை உச்சிவரை ஏறிவிடும். ஓரிடத்தில் வாடிவிட்டதா, ஆயிரம் அடி மேலே போய்ப் பாருங்கள். வடகரைச் சரிவுகள் தெற்கு நோக்கியவை. வெயில் அதிகம் என்பதால் அங்கே முந்திப் பூக்கும்.

அந்தக் கணக்கில் முதல் நடை கேத்தரின் கிரீக். வாஷிங்டன் பக்கம், ஓல்டு ஹைவே 8-இல் இருக்கிறது. மார்ச்சில் இங்கே போனால் கிராஸ் விடோ என்ற பூவைப் பார்க்கலாம். புல்லைப் போன்ற ஒல்லித் தண்டு, அதன் நுனியில் பட்டுத்துணி மாதிரி பளபளக்கும் ஊதா இதழ்கள் ஆறு. கருங்கல் பாறைமேல் சில அங்குல மண்தான். குளிர்கால மழையில் அது சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது, கோடை வருவதற்குள் காய்ந்து வெடித்துவிடுகிறது. அந்தச் சின்ன இடைவெளிக்குள் முளைத்து, பூத்து, விதையும் விட்டாக வேண்டும். இங்கே பூக்கள் இத்தனை அவசரப்படுவதற்குக் காரணம் இந்த மண்தான். சாலைக்குத் தெற்கே தார் போட்ட பாதை ஒன்று உண்டு. சக்கர நாற்காலியிலும் போகலாம், நடை தளர்ந்த பெரியவர்களையும் தாராளமாக அழைத்துப் போகலாம். வடக்கே ஏறும் பாதைகளில் ஈர மண்ணை விட்டு விலகிப் புல்லில் நடக்காதீர்கள். சேற்றுக்குப் பயந்து ஓரம் ஒதுங்குகிறவர்களால்தான் ஒற்றையடிப் பாதை இரண்டாகி, மூன்றாகி, பூமேட்டைத் தின்றுவிடுகிறது. சேற்றிலேயே நடக்கத் தோதான ஷூவோடு வருவதுதான் மரியாதை.

ஏப்ரல் நடுவில் ரொவீனா. தென்கரையில், மோசியர் ஊரிலிருந்து பழைய நெடுஞ்சாலையில் ஏறினால் டாம் மெக்கால் பாதுகாப்பிடம். மஞ்சள் நிற பால்சம்ரூட் பூவும் நீல நிற லூப்பின் பூவும் ஒன்றாகப் பூப்பது இங்கேதான் தொடங்கும். மேட்டுச் சமவெளிப் பாதை எளிது. டாம் மெக்கால் முனைக்குப் போய்வர மூன்றரை மைல், ஏற்றம் சுமார் ஆயிரம் அடி. நாய்களுக்கு அனுமதி கிடையாது. குழுவில் யாராவது நாயோடு வந்து நின்றால் அவருடைய நாள் பார்க்கிங்கிலேயே முடிந்துவிடும், அதனால் முந்தைய நாளே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். காற்று இன்னொரு விஷயம். மதியத்துக்கு மேல் மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் பூ ஒரு நொடி நிற்காது. படம் எடுப்பவர்கள் காலை ஒன்பதுக்குள் மேலே இருப்பது நல்லது.

அருவிகளுக்கு நேர்மாறான வானிலை வேண்டும். மேகமூட்டமான நாள், அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாள் நல்ல மழை. வெயில் அடித்தால் நீர் வெள்ளைத் திட்டாகவும் பாறை கரும்பள்ளமாகவும்தான் படத்தில் விழும். ஆகவே மழை என்று முன்னறிவிப்பு வந்தால் நடையை ரத்து செய்யாமல் மேற்கே திருப்பிவிடுங்கள்.

இத்தனை அருவிகள் ஒரே வரிசையில் இருப்பதற்குப் பனியுகத்தின் கடைசியில் வந்த மிசூலா வெள்ளங்கள் காரணம். அவை பள்ளத்தாக்கின் பக்கங்களைச் செங்குத்தாகச் சீவிவிட்டன. அதுவரை சரிந்து வந்து ஆற்றில் கலந்த ஓடைகள் அந்தரத்தில் நின்றுபோய், அங்கிருந்து விழத் தொடங்கின. பெயர்பெற்றது மல்ட்னோமா, 620 அடி. கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். கோடைக்கால நெரிசல் நாட்களில் நெடுஞ்சாலைப் பார்க்கிங்குக்கு நேரம் குறித்த பெர்மிட் தேவைப்படும், கிளம்புமுன் அந்த ஆண்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். போர்ட்லாண்டிலிருந்து பஸ்ஸும் உண்டு.

எங்களைக் கேட்டால் குழு நடைக்கு வாக்லெல்லா அருவிதான் சிறந்தது. ஐ-84-இல் 40-ஆம் வெளிவழி, போய்வர இரண்டு மைல், ஏற்றமும் அதிகமில்லை. வசந்தத்தில் அருவியின் அடியில் நின்றால் சாரலில் ஐந்து நிமிடத்தில் தொப்பலாக நனைந்துவிடுவீர்கள். வழியில் காட்டு நிழலில் டிரில்லியம் பூத்திருக்கும். மூன்று இலை, மூன்று வெள்ளை இதழ், வயதாக ஆக இளஞ்சிவப்பு. விதையிலிருந்து முதல் பூ வருவதற்கே பல ஆண்டுகள் பிடிக்கும். பூவைக் கிள்ளினால் அந்த மூன்று இலைகளும் சேர்ந்தே போகும், செடிக்கு உணவு செய்ய வேறு இலை கிடையாது. குழந்தைகளிடம் இதைக் காட்டிச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அருவிப் பாதைகளில் விபத்து பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்று, பாசி படிந்த ஈரப்பாறையில் ஏறிப் படம் எடுப்பது. மற்றது, மேலிருந்து கல் விழுவது. 2017 செப்டம்பரில் பட்டாசால் மூண்ட ஈகிள் கிரீக் தீ 48,000 ஏக்கரை எரித்தது. செத்த மரங்களின் வேர் மக்க மக்க மண்ணுக்குப் பிடிமானம் போய், கனமழையில் கல்லும் மரமும் சரிகின்றன. மழையும் காற்றும் கடுமையாக இருக்கும் நேரத்தில் எரிந்த சரிவுக்குக் கீழே போகாதீர்கள், போனாலும் அங்கே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

மே நடுவிலிருந்து வடகரையில் டாக் மவுண்டன் மலை. கடினமானது இதுதான்: சுமார் ஏழு மைல், ஏற்றம் 2,800 அடி. வசந்தத்தின் வார இறுதிகளில் ஒவ்வொருவருக்கும் பெர்மிட் வேண்டும், முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டும். ஒருவர் குழுவுக்கே எடுத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு வருவது வழக்கமான சிக்கல். வார நாளில் போக முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அரை மைலைத் தாண்டியதும் பாதை பிரியும், இடதுபுறம் ‘அதிகக் கடினம்’, வலதுபுறம் ‘குறைந்த கடினம்’ என்று பலகை இருக்கும். வலதுபுறமே போங்கள், காட்சியும் அதில்தான். இறங்க ஆக்ஸ்பர்கர் பாதை சற்று நீளம், முழங்காலுக்கு இதம். மேலே புல்வெளியில் காற்று ஆளையே தள்ளும், மே மாதமானாலும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

குழுவில் 12 பேர் போதும். முன்னால் வழிகாட்டி, கடைசியில் வழி தெரிந்த இன்னொருவர், ஒவ்வொரு பிரிவிலும் நின்று தலை எண்ணிக்கை. ஏற்றத்தில் மணிக்கு ஆயிரம் அடி என்று கணக்கிட்டு, திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்பும்போதே அறிவித்துவிடுங்கள்.

கிழக்குச் சரிவுகளிலும் டாக் மவுண்டனின் அடிவாரத்திலும் பாய்சன் ஓக் என்ற அரிப்புச் செடி மண்டிக் கிடக்கும். மும்மூன்றாக இலைகள், இளசாக இருக்கும்போது சிவந்து மினுங்கும். மார்ச்சில் இலையே இருக்காது, ஆனால் வெறும் குச்சியிலும் அரிப்பு உண்டாக்கும் எண்ணெய் இருக்கும். பலர் ஏமாறுவது அப்போதுதான். பட்டால் சீக்கிரமே குளிர்ந்த நீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் போட்டு எண்ணெய் போகக் கழுவ வேண்டும். ஷூ கயிறு, கைத்தடி, நாயின் ரோமம் வழியாகவும் வரும் என்பதால் அவற்றையும் விட்டுவிடக் கூடாது. உண்ணிக்கு வெளிர்நிறப் பேன்ட், அதன் கால்நுனி சாக்ஸுக்குள். காரில் ஏறுமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் மூன்றையும் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகவோ சூடு வைக்கவோ கூடாது. சாக்ஸில் குத்தி நிற்கும் புல்விதைகளையும் அங்கேயே பிடுங்கி ஒரு பையில் போட்டுக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். சீட்கிராஸ் என்னும் அந்த வந்தேறிப் புல்லின் விதை அடுத்த பூமேட்டுக்குப் போவது நம் காலில்தான்.